நாயோடு பீச்சுக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்

“திருவான்மியூருக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் 14 மாத லாப்ரடார் இருக்கிறது. கடற்கரை நடந்துபோகிற தூரம். தினமும் அழைத்துப் போகலாமா? எந்த நேரம், எந்தப் பக்கம் நல்லது? தண்ணீரில் விடலாமா? அங்கே இருக்கும் தெருநாய்களை எப்படிச் சமாளிப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவன் இல்லை. 16 வருடமாக இந்தக் கரையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் (நாய் பிடிக்கிறவன் இல்லை). முதலில் ஒரு ராஜபாளையம் இருந்தது. அதற்கப்புறம் குப்பத்திலிருந்து தானாகவே எங்களோடு வந்துவிட்ட ஒரு நாட்டு நாய், பெயர் கருப்பன். இப்போது அவனுக்குத் துணையாக ஒரு கிழட்டு லாப்ரடார்.

தாராளமாகப் போகலாம், ஞாயிறு தவிர தினமும்கூடப் போகலாம். ஆனால் அதைக் காலி மைதானம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த மணலில் ஒவ்வோர் இடமும் யாரோ ஒருவரின் வாசல். அடுத்த வீட்டு வாசலைக் கடக்கும்போது நாயை எப்படி இழுத்துப் பிடிப்பீர்களோ அப்படி நடந்தால் பாதிப் பிரச்சினை வராது.

நேரத்தைப் பற்றி முதலில் பேசலாம். சென்னையில் நாய்க்குக் கடலைவிட வெயில்தான் பெரிய எதிரி. நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வேர்ப்பதோடு சரி. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாகித்தான் உடம்புச் சூடு இறங்க வேண்டும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் ஆவி எங்கே போகும்? நம் ஊரில் விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் அதிகம். “ஜிலுஜிலுன்னு காத்து வருதே” என்று உங்கள் தோல் சொல்வதை நம்பாதீர்கள். நாயின் நாக்கைப் பாருங்கள். நாக்கு அகலமாக விரிந்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, எச்சில் கெட்டியாகத் தொங்கினால் அன்றைய நடை முடிந்தது என்று அர்த்தம்.

நம்முடையது கிழக்குக் கடல். சூரியன் தண்ணீரிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும், மறைக்க ஒரு மரம் இருக்காது. ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கிலேயே உதித்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டும். கத்திரி நாட்களில் நான் 5 மணிக்கு மணலில் கால் வைத்து 6.15-க்கு வீடு திரும்பிவிடுவேன். மார்கழியில் 7.30 வரை இழுக்கலாம். மாலை நேரம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடுகிறது, நமக்குச் சுகமாக இருக்கிறது, மணல் மட்டும் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். புறங்கையை மணலில் அழுத்தி ஏழு வரை எண்ணிப் பாருங்கள். நடுவில் கையை எடுக்கத் தோன்றினால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. மெரினாவில் இது இன்னும் மோசம். அங்கே சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் சராசரியாக 300 மீட்டர் மணல். போகும்போது ஆர்வத்தில் ஓடிவிடும், திரும்பும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பக், ஷிட்சு மாதிரி மூக்குச் சப்பையான நாய் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது உங்களோடு வந்தால் மேலே சொன்ன நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளை நாய்களுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. என் ராஜபாளையத்துக்கு அந்த ஜாதிக்கே உரிய இளஞ்சிவப்பு மூக்கு. ஒரு பொங்கல் லீவில் கூட்டத்தோடு கூட்டமாகப் பத்து மணி வரை இருந்துவிட்டோம், மறுநாள் மூக்குத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

நாயின் சாதாரண உடம்புச் சூடு 101-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை. 105-ஐத் தொட்டால் அது அவசரம். தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறு செங்கல் நிறத்துக்கு மாறினாலோ ஐஸ் தேடி ஓடாதீர்கள். கையில் கிடைக்கிற தண்ணீரை, கடல் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கொஞ்சம் அடங்கியதும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இடம். உங்களுக்குத் திருவான்மியூரே போதும். பெசன்ட் நகர் பேர்போன பீச், ஆனால் சனிக்கிழமை ராத்திரி அங்கே என்னவெல்லாம் நடந்தது என்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மணல் சொல்லும். உடைந்த பாட்டில், பஜ்ஜி எண்ணெய்க் காகிதம், எல்லாவற்றையும்விட முக்கியமாக மக்காச்சோளக் கட்டை. இதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. மிளகாய்ப்பொடி, எலுமிச்சை, வெண்ணெய் வாசனையோடு கிடக்கும் அந்தக் கட்டையை லாப்ரடார் இரண்டே கடியில் விழுங்கிவிடும். அது செரிக்காது. குடலில் போய் அடைத்துக்கொள்ளும், ஆபரேஷன் வரை கொண்டுபோகும். விழுங்கியது உறுதியானால் “வெளியில போயிடும்” என்று இரண்டு நாள் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று போகப் போகக் கூட்டம் குறையும். அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலம் பக்கம், காட்சி அழகாக இருக்கும். ஆனால் ஊர்ச் சாக்கடை ஆற்றோடு சேர்ந்து கடலில் கலக்கிற இடம் அது. மழை பெய்த வாரத்தில் அந்தப் பக்கம் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். எலிக் காய்ச்சல் கிருமி மழைத்தண்ணீரில்தான் அதிகம் பரவும், நாய்க்கும் வரும் நமக்கும் வரும். கோவளத்தில், சுத்தமான கடற்கரைக்குக் கொடுக்கிற நீலக்கொடிச் சான்று வாங்கிய பகுதி ஒன்று இருக்கிறது. நாய்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. அங்கே போய்க் காவலாளியோடு சண்டை போடாதீர்கள்.

ஊரூர் ஆல்காட் குப்பத்து வழியாக நடந்தால் படகுகளுக்கு நடுவில் வலை விரித்திருக்கும். வருடக்கணக்கில் இதை நானும் சாதாரணமாகத்தான் கடந்திருக்கிறேன். ஒருநாள் கருப்பன் வலைக் குவியலை மோந்து பார்த்து மெல்லக் காலைத் தூக்கப் போனான். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சார், நாய அந்தாண்ட இட்டுனு போ. அது மேல வுட்டுச்சுன்னா அப்பால நான்தான அலசணும்.” கோபமே இல்லாமல் சொன்னார், அதனால்தான் இன்னும் உறைக்கிறது. வலை என்றால் முதலீடு, உழைப்பு எல்லாம்தான். அன்றிலிருந்து குப்பத்தைக் கடக்கும்போது கயிறு ஒரு முழத்துக்கு மேல் நீள்வதில்லை. இப்போது அவரே கருப்பனுக்கு காரப்பொடி என்கிற சின்ன மீன் ஒன்றை வீசுவார். கண்டதை வாயில் வைக்கக் கூடாது என்ற என் பாடமெல்லாம் அந்த ஒரு மீனில் போய்விடும்.

கண்டதை வாயில் வைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் நாய் லாப்ரடார் ஆயிற்றே. வலையிலிருந்து வேண்டாத மீன்களை உதறிப்போடும் இடத்தில் பேத்தை மீன் கிடக்கும். சின்னது, வெள்ளை வயிறு, செத்த பின்னும் பலூன் மாதிரி உப்பியிருக்கும், முன்பக்கம் கிளி அலகு போல பல். நாய்க்கு அது பந்து. அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கிற நஞ்சுக்கு முறிவு மருந்தே கிடையாது. நரம்பை மரக்கச் செய்து கடைசியில் மூச்சை நிறுத்திவிடும். நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் லாப்ரடார் ஒன்றைக் கவ்விவிட்டது. “விடு” என்று கத்தினேன், விடவில்லை. வாயைத் திறந்து விரலால் நோண்டி எடுத்தேன். முழுசாகத்தான் வந்தது, ஆனாலும் நேராக மருத்துவமனைக்கு ஓடினோம். மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்து பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் தளர்ச்சி முதலில் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே “விடு” பயிற்சியை ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம்: ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையில் அதைவிட ருசியான கோழித்துண்டு. பிஸ்கட்டை விட்டால் கோழி. வீட்டுக் கூடத்தில் இதை நூறு தடவை செய்துவிட்டுத்தான் நீங்கள் கடற்கரைக்குக் கிளம்ப வேண்டும். “உட்கார்”, “கை கொடு” எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கெளுத்தி மீனின் முள்ளும் அப்படித்தான், காய்ந்த பிறகும் ஊசி. தூண்டில் முள் நைலான் நரம்போடு மணலில் புதைந்திருக்கும். கரை ஒதுங்கிய சொறிமீன் (ஜெல்லி மீன்), செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

கடலில் விடலாமா என்றால், முழங்கால் அளவுத் தண்ணீர் வரை, நீளக் கயிறோடு விடலாம். உங்கள் முழங்கால் இல்லை, நாயின் முழங்கால். லாப்ரடார் பிறவி நீச்சல்காரன், ஆனால் அது குளத்து நீச்சல். நம் கரையில் அலை உடைகிற இடத்திலேயே தரை சட்டென்று சரியும். அதோடு கரையோர நீரோட்டம் வேறு. வருடத்தில் பெரும்பகுதி அது தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், வாடைக் காலத்தில் திசை மாறும். இந்த இழுப்புக்கு எவ்வளவு பலம் என்பதற்கு மெரினாவே சாட்சி. துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே போகிற மணல் தடைப்பட்டு அதன் தெற்கில் குவிந்ததில்தான் மெரினா இவ்வளவு அகலமானது, அதே காரணத்தால் ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துப்போனது. உங்கள் நாயை நகர்த்துவது அதற்கு ஒரு வேலையா?

நாய் இழுத்துப் போகப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கரையோடு நீரோட்டம் போகிற திசையில் ஓடிக்கொண்டே கூப்பிடுங்கள், உங்கள் குரல் இருக்கிற பக்கம் அது நீந்தும். பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக நிற்கும் அந்த நினைவு மண்டபம், 1930-ல் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காக எழுப்பியது. நம்மில் பாதிப்பேர் அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருப்போம், எதற்கென்று கேட்டிருக்க மாட்டோம்.

கடல் தண்ணீரை நாய் குடிக்கும், தடுக்க முடியாது. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. நாலு வாய் குடித்தால் வயிற்றுப்போக்கு, அதிகம் குடித்தால் வாந்தி, வலிப்பு வரை போகும். தாகம் இல்லாத நாய் அவ்வளவாகக் குடிக்காது, அதனால் வீட்டிலிருந்து ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோய்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பந்து எறிந்து விளையாடுவதையும் நான் கரையில் நிறுத்திவிட்டேன். எச்சில் ஈரத்தில் ஒட்டுகிற மணல் ஒவ்வொரு கவ்வலிலும் வயிற்றுக்குள் போகிறது.

தெருநாய்கள். அவற்றைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் மணலில் இருக்கிற நாய்கள் தெருவில் இருக்கிறவற்றைவிட நிதானமானவை, விலகிக்கொள்ள இடம் இருக்கிறது அல்லவா. சண்டை பெரும்பாலும் கயிற்றின் நம் முனையில்தான் தொடங்குகிறது. எதிரில் நாலு நாய் தெரிந்ததும் நாம் கயிற்றை இறுக்குவோம், நம் நாய் “ஓஹோ, ஏதோ ஆபத்து” என்று முறைக்கும், எதிராளி பதில் சொல்லும். நேருக்கு நேர் போகாமல் பெரிய வளைவாகச் சுற்றிப் போங்கள். அதுகள் வந்தே தீருவேன் என்றால் நின்றுவிடுங்கள், கயிறு தொய்வாக இருக்கட்டும், மோந்து பார்க்க மூன்று விநாடி கொடுத்து “வா” என்று சொல்லி நகருங்கள். கல் எடுப்பது போலக் குனிந்தால் ஓடிவிடும், உண்மைதான். ஆனால் நாளைக்கும் நீங்கள் அதே வழியாகத்தான் வர வேண்டும். நான் பையில் பிஸ்கட் வைத்திருப்பேன். திருவான்மியூர்ப் பக்கம் ஒரு கிழவி இருந்தாள், ஒரு காது கிழிந்த செம்பட்டை நாய். அவளைத் தாண்டாமல் யாரும் தெற்கே போக முடியாது. ஒரு மாதம் தினமும் இரண்டு பிஸ்கட் சுங்கம் கட்டினோம். அப்புறம் எங்களோடு பாலவாக்கம் வரை துணைக்கு வர ஆரம்பித்தாள்.

ரேபிஸ் ஊசி, வருடாந்தரத் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, உண்ணி மருந்து எல்லாம் முடித்திருக்க வேண்டும். மாநகராட்சி உரிமம் கட்டாயம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஒரு சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு கயிறு, வாய்மூடி விஷயத்தில் கெடுபிடி அதிகமாகிவிட்டது. நியாயம்தான். வாய்மூடி வாங்கினால் கூடை போன்றதாக வாங்குங்கள். துணிப்பட்டை வாயை இறுக்கி மூடிவிடும், நாய் இரைக்க முடியாது. சென்னைக் காற்றில் அது ஆபத்து.

மலத்தைப் பையில் எடுத்துவிடுங்கள். நிறையப் பேர் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள், மூடுவதுதான் மோசம். கொக்கிப் புழுவின் குஞ்சுகளுக்கு ஈர மணல் சொர்க்கம், வெறுங்காலில் விளையாடும் குழந்தைகளின் தோலுக்குள் புகுந்து கோலம் போட்டதுபோல் ஊர்ந்து போகும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இன்னும் ஒரு கவனம் வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற மாதங்கள் இவை. ஓர் ஆமை சுமார் நூறு முட்டை இடும், குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். நாயின் மூக்குக்கு அந்தக் குழி மணலுக்கு அடியில் இருந்தாலும் மறையாது. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். எல்லாக் குழியும் அவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. விடியலில் மணலில் சின்ன டிராக்டர் ஏறி இறங்கியதுபோல் ஒரு தடம் கண்டால் நாயை அப்பால் கொண்டுபோங்கள். இந்த மாதங்களில் இருட்டில் போகவே வேண்டாம், கிழக்கு வெளுத்த பிறகு போங்கள். 2025 ஜனவரியில் செத்த ஆமைகள் ஆயிரத்துக்கு மேல் சென்னைக் கரையோரம் ஒதுங்கின, இழுவலையில் சிக்கி மூச்சு முட்டியவை. அந்த மாதம் முழுவதும் கருப்பனை இரண்டடிக் கயிற்றில்தான் கொண்டுபோனேன். அழுகிய ஆமையின் மேல் புரண்டுவிட்டு வந்த நாயை எந்த ஷாம்பூவும் காப்பாற்றாது.

எச்சரிக்கைகளை அடுக்கிவிட்டேன். ஆனால் நான் தினமும் போவது பயப்படுவதற்கு இல்லை. அங்கே நாய் மூக்கால் நடக்கிறது, அதைப் பார்க்கத்தான். தெருவில் அவசரமாக மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஓடுகிற அதே நாய், மணலில் ஒரு சிப்பியை இரண்டு நிமிடம் மோந்துகொண்டு நிற்கும். இழுக்காதீர்கள். நாலு கிலோமீட்டர் கணக்குப் போடாமல் அரை கிலோமீட்டரை ஒரு மணி நேரம் நடங்கள், வீட்டுக்கு வந்து அது தூங்குகிற தூக்கத்தில் வித்தியாசம் தெரியும். குழி நண்டு ஒன்று வளையிலிருந்து கண்களை மட்டும் நீட்டிப் பார்க்கும், நாய் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாகும். நண்டு ஓடும், பக்கவாட்டில், நாயோ நேராகப் பாயும், பிடிபடாது. 16 வருடத்தில் என் நாய்கள் பிடித்த நண்டு பூஜ்யம். சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் அலவன் ஆட்டி, அதாவது நண்டை விரட்டி, விளையாடுவார்கள், அதே விளையாட்டுத்தான். அந்தப் பாட்டுகளில் வருகிற அடும்புக் கொடி இன்றைக்கும் ஊதாப் பூவோடு கொட்டிவாக்கம் பக்கம் படர்ந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே ராவணன் மீசை, முள்ளுப் புல், பாதத்தில் குத்தும். ஆனால் அதன் காய்ந்த விதைப்பந்து காற்றில் உருண்டு ஓடும்போது லாப்ரடாருக்கு வருகிற வெறியைப் பார்க்க வேண்டுமே! வேகமெடுக்கும், நிற்கும், மறுபடி ஓடும். உயிருள்ளதென்றே நம்பித் துரத்தும். உள்ளான், ஆலா மாதிரிக் கரைப் பறவைகளை மட்டும் துரத்த விடாதீர்கள். பனிக்காலத்துக்கு நெடுந்தூரம் பறந்து வந்தவை, திரும்பிப் போகிற பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால் விரல் இடுக்கு, வயிறு, தொடை இடுக்கு எல்லாம் அலசி, காதை உலர்ந்த துணியால் துடையுங்கள். லாப்ரடாரின் தொங்கு காதுக்குள் ஈரம் தங்கினால் ஒரு வாரத்தில் நாற்றம் எடுக்கும். அப்படியே விரலை ஓட்டி உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

முதல் நாளுக்குச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ தேர்ந்தெடுங்கள். விடுமுறை நாளாகவோ பௌர்ணமியாகவோ இருக்கக் கூடாது. ஐந்தேகாலுக்குக் கிளம்புங்கள், ஆமை மாதங்களில் மட்டும் கிழக்கு வெளுத்த பிறகு. அலை வரைக்கும் போக வேண்டும் என்று இல்லை. மணல் தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அது சத்தத்தைக் கேட்கட்டும், காற்றை மோக்கட்டும். எங்கள் லாப்ரடார் முதல் நாள் அலையைப் பார்த்துக் குரைத்தது. ஒவ்வொரு அலையும் பின்வாங்கிப் போனதும் தான்தான் துரத்திவிட்டதாக எங்களைத் திரும்பிப் பார்த்து வாலாட்டியது. பன்னிரண்டு வயதாகிறது, இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.